ஓடும் சுமைதாங்கி: ஓடைப்பட்டியிலிருந்து ஒரு மொபெட் வரலாறு



மலருக்குக் கட்டுரை கேட்ட நண்பர், "ஹாஸ்டல் மெஸ், கட் அடிச்சது, கல்ச்சுரல்ஸ் எல்லாம் நிறைய வந்திருச்சு. நீ ஏதாவது விஷயமா எழுதப்பா" என்று கேட்டுக்கொண்டார். ஆகவே என் ஊரையும் நான் படித்த மெக்கானிக்கல் படிப்பையும் ஒரே கயிற்றில் கட்டுகிற ஒரு பொருளை எடுத்துக்கொண்டேன். அதுதான் மொபெட்.

மொபெட் என்றதும் உதட்டோரம் சிரிப்பவர்கள் உண்டு. சினிமாவில் கதாநாயகனுக்குப் புல்லட் கொடுப்பார்கள். அவன் பின்னால் வரும் காமெடி நடிகருக்குத்தான் மொபெட். "பைக் வாங்கக் காசில்லாதவன் வாங்குற வண்டி" என்பது நம்மில் பலருடைய எண்ணம். இந்த எண்ணம் சரியல்ல என்பதைச் சொல்லவே இக்கட்டுரை. மொபெட் என்பது வளராமல் நின்றுபோன பைக் அல்ல. அதன் வம்சமே வேறு; அது செய்யும் வேலையும் வேறு.

எங்கள் ஊரும் எக்செல்லும்

தேனி மாவட்டம் உத்தமபாளையம் வட்டத்தில், சின்னமனூருக்குக் கிழக்கே இருக்கிறது ஓடைப்பட்டிப் பேரூராட்சி. கம்பம் பள்ளத்தாக்கு என்றதும் 1895-ல் கட்டி முடிக்கப்பட்ட முல்லைப் பெரியாறு அணையும், அதன் தண்ணீரில் விளையும் நெல்லும், வாழையும், வெற்றிலைக் கொடிக்காலும்தான் வெளியூர்க்காரர்களுக்கு நினைவு வரும். எங்கள் பக்கம் அப்படியல்ல. கிணற்றையும் போர்வெல்லையும் நம்பிய மேட்டு நிலம். அந்த மண்ணில் எங்கள் பெரியவர்கள் கல்லுக்கால் ஊன்றி, கம்பி இழுத்து, பந்தல் போட்டு விளைவித்ததுதான் ஓடைப்பட்டியின் விதையில்லாத் திராட்சை. பள்ளத்தாக்கின் இன்னொரு பக்கத்தில் விளையும் கம்பம் பன்னீர் திராட்சைக்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தது பலருக்கும் தெரிந்திருக்கும்.

திராட்சை என்பது தினமும் ஏதாவது ஒரு சுமையைக் கேட்கிற பயிர். போர்டோ கலவைக்கு மயில்துத்தமும் சுண்ணாம்பும் போக வேண்டும். மருந்தடிக்கும் பம்ப், உர மூட்டை, சொட்டு நீர்ப் பைப்புச் சுருள், ஆட்களுக்குக் கஞ்சித் தூக்கு எல்லாம் போக வேண்டும். மோட்டார் காயில் புகைந்தால் அதைக் கழற்றி டவுனுக்குக் கட்டக் கொண்டுபோக வேண்டும். அறுப்புக் காலத்தில் டிரே டிரேயாகப் பழம் ரோட்டுக்கு வர வேண்டும். இவ்வளவுக்கும் வழி என்னவென்றால் இரண்டு தோட்டங்களுக்கு நடுவே ஒரு மண் பாதை. லாரி நுழையாது. மாட்டு வண்டியோ வருஷத்துக்கு வருஷம் குறைந்துகொண்டே போனது. அந்த இடைவெளியில் நுழைந்து உட்கார்ந்துகொண்டதுதான் டி.வி.எஸ். மொபெட். எங்கள் ஊரில் யாரும் மொபெட் என்று சொல்ல மாட்டார்கள். பெரியவர்களுக்கு "டிவிஎஸ் பிப்டி", எங்கள் தலைமுறைக்கு "எக்செல்".

வேலைக்குச் சேர்ந்த புதிதில், அப்பாவின் எக்செல்லைக் கொடுத்துவிட்டு ஒரு நல்ல பைக் எடுத்துக்கொள்ளலாம் என்று அவரிடம் சொன்னேன். அவர் சொன்ன பதில் இது: "பைக்குல போனா நான் மட்டுந்தேன் போவேன். இதுல போனாத்தேன் தோட்டமும் கூட வரும்." நான் படித்த எந்த டிசைன் புத்தகத்திலும் மொபெட்டுக்கு இதைவிட நல்ல இலக்கணம் இல்லை. அந்த இலக்கணம் எப்படி வந்தது என்று இனி பார்ப்போம்.

சைக்கிளுக்குப் பிறந்த பிள்ளை

இரண்டாம் உலகப் போர் முடிந்த கையோடு ஐரோப்பாவில் பெட்ரோலுக்கும் பஞ்சம், இரும்புக்கும் பஞ்சம், கையில் காசுக்கும் பஞ்சம். ஆனால் வேலைக்குப் போய்த்தானே ஆக வேண்டும்? இருந்த சைக்கிளிலேயே ஒரு சின்ன என்ஜினை மாட்டிவிட்டார்கள். 1946-ல் பிரான்சில் விற்பனைக்கு வந்த வெலோசோலெக்ஸ் இதற்கு நல்ல உதாரணம். முன் சக்கரத்தின் மேல் ஒரு குட்டி என்ஜின். அது ஒரு உருளையைச் சுற்றும். உருளை டயரை உரசி வண்டியை ஓட்டும். மேடு வந்தால் நாமும் சேர்ந்து மிதிக்க வேண்டும். 1949-ல் அதே பிரான்சில் மோபிலெட் வந்தது. 1953-ல் ஜெர்மனியில் வந்த என்.எஸ்.யு. குவிக்லி பத்து லட்சத்துக்கும் மேல் விற்றது.

"மொபெட்" என்ற பெயரை 1952-ல் உருவாக்கியவர் ஸ்வீடன் நாட்டுப் பத்திரிகையாளர் ஹரால்ட் நீல்சன். மோட்டாரில் பாதி, பெடலில் பாதி எடுத்து ஒட்டியதுதான் அந்தச் சொல். அந்நாளில் 50 சி.சி.க்கு உட்பட்டு, பெடலும் இருந்தால், ஐரோப்பிய நாடுகள் பலவற்றில் லைசென்ஸ், வரி, வயது வரம்பு ஆகியவற்றில் சலுகை கிடைத்தது. ஆகவே பெடல் என்பது மிதிப்பதற்கு மட்டுமல்ல. "நான் சைக்கிள்தான், மோட்டார் சைக்கிள் அல்ல" என்று சட்டத்திடம் காட்டும் அடையாள அட்டையும் அதுவே.

நால்வகை வண்டிகள்

சின்ன வண்டிகளை எல்லாம் ஒரே கூட்டமாகப் பார்ப்பதால்தான் குழப்பம். உண்மையில் நான்கு வம்சங்கள் உண்டு.

முதலாவது மோட்டார் சைக்கிள். பெட்ரோல் டேங்க்கை முழங்காலால் அணைத்து உட்கார வேண்டும். கிளட்சும் கியரும் ஓட்டுபவர் கையிலும் காலிலும் இருக்கும். நடுவில் என்ஜினும் டேங்க்கும் இருப்பதால் அங்கே ஒரு தேங்காய்கூட வைக்க முடியாது.

இரண்டாவது ஸ்கூட்டர். இத்தாலியின் பியாஜியோ நிறுவனத்துக்காக விமானப் பொறியாளர் கொராடினோ தஸ்கானியோ வடிவமைத்த வெஸ்பா, வெலோசோலெக்ஸ் வந்த அதே 1946-ல் வெளிவந்தது. தகட்டு உடம்பு, பின் சக்கரத்தோடு ஒட்டிய என்ஜின், சின்னச் சக்கரம். டவுன் தார் ரோட்டில் சட்டை கசங்காமல் போவதற்கு அருமையான ஏற்பாடு. ஆனால் மண் பாதைக் குழியில் சின்னச் சக்கரம் இறங்கினால் ஏறுவது பெரும்பாடு.

மூன்றாவது ஸ்டெப் த்ரூ. 1958-ல் வந்த ஹோண்டா சூப்பர் கப் இதன் முன்னோடி. 2017-க்குள் பத்துக் கோடி வண்டிகள் தயாராகிவிட்டன. காலை உள்ளே விட்டு ஏறலாம், ஆனால் கியர் உண்டு, பெடல் கிடையாது. நம் ஊரில் ஓடிய பஜாஜ் எம் 80 இந்தச் சாதியைச் சேர்ந்ததே. அதை மொபெட் என்று சொல்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள்.

நான்காவதுதான் நம் மொபெட். சைக்கிள் போன்ற பெரிய சக்கரம், காலடியில் தாழ்வாக என்ஜின், பின் சக்கரத்துக்குச் செயின், மாறாத ஒரே கியர். கைப்பிடிக்கும் சீட்டுக்கும் நடுவே காலியிடம். பின்னாளில் வந்த ஸ்கூட்டி போன்ற வண்டிகள் மொபெட்டின் தங்கைகள் மாதிரித் தெரிந்தாலும், அவை சின்னச் சக்கரமும் பெல்ட் டிரைவும் கொண்ட ஸ்கூட்டர் வம்சம்தான்.

இருவர் ஏறும் வண்டி

இந்தியாவுக்கு மொபெட் வந்தது 1960களில். பிரான்சின் மோபிலெட்டைத் தழுவிய சுவேகா திருப்பதியில் தயாரானது. 1972-ல் புனேயின் கைனடிக் என்ஜினீயரிங் நிறுவனம், பியாஜியோவின் சியாவோ வண்டியின் தொழில்நுட்பத்தில் லூனாவைக் கொண்டுவந்தது. ஸ்கூட்டருக்குப் பணம் கட்டிவிட்டுப் பல வருஷம் காத்துக் கிடந்த லைசென்ஸ் ராஜ்ஜியக் காலம் அது. கடைக்குப் போனால் கையோடு கிடைக்கிற வண்டி என்பதாலேயே லூனா பிரபலமாயிற்று.

அடுத்த திருப்பம் நம் தமிழ்நாட்டில் நடந்தது. திருக்குறுங்குடியில் பிறந்த டி.வி. சுந்தரம் அய்யங்கார் 1911-ல் மதுரையில் தொடங்கிய நிறுவனம், பஸ் போக்குவரத்தில் பெயர் பெற்றது. தேனி தனி மாவட்டமானது 1996-ல். அதுவரை நாங்களும் மதுரை மாவட்டத்துக்காரர்கள்தான் என்பதால் எங்கள் ஊர்ப் பெரியவர்களுக்கு டி.வி.எஸ். என்றால் சொந்தக்காரர் கம்பெனி மாதிரி. அந்தக் குழுமத்தின் சுந்தரம் கிளேட்டன், அன்றைய தருமபுரி மாவட்டத்து ஓசூரில் மொபெட் தொழிற்சாலை அமைத்து, 1980-ல் டி.வி.எஸ். 50 வண்டியை வெளியிட்டது. இந்தியாவில் இரண்டு பேர் ஏறிப்போக என்றே வடிவமைத்த முதல் மொபெட் அது.

இந்த "இரண்டு பேர்" என்பதை லேசாக எண்ணிவிடக் கூடாது. ஐரோப்பாவில் மொபெட் ஒற்றை ஆளுக்கான வண்டி. பள்ளிப் பையனும் பால்கார அம்மாவும் தனியாகப் போவார்கள். நம் நாட்டில் தனியாகப் போகிறவர் யார்? மனைவி இருப்பார், மடியில் பிள்ளை இருக்கும், பையில் காய்கறி இருக்கும். இருவருக்கென்று சட்டத்தைப் பலப்படுத்தி, என்ஜினின் இழுவையைக் கூட்டினார்கள். அந்த இரண்டாவது ஆளின் இடத்தில் கிராமம் மூட்டையை ஏற்றியது. பால் கேன், கோலமாவு, பனங்கிழங்கு, பாத்திரம், ஐஸ் பெட்டி என்று ஊர் ஊராகப் போன சில்லறை வியாபாரம் எல்லாம் அந்தப் பின் சீட்டில் ஏறிக்கொண்டது. மிதிக்கத் தேவையில்லாத சைக்கிள் என்பதிலிருந்து, பாரம் தூக்குகிற சைக்கிள் என்று மொபெட்டின் பொருளே இங்கே மாறிப்போனது. பிறகு கம்பெனியே ஹெவி டியூட்டி என்று பெயரிட்டு விற்றது என்றால், வண்டியை எழுதி முடித்தவர்கள் வாங்கியவர்களே என்று சொல்லலாம்.

லேபில் வெட்டி வைத்த என்ஜின்

நம் தெர்மல் லேபில் குறுக்காக வெட்டி, சிவப்பும் மஞ்சளும் பெயிண்ட் அடித்து வைத்திருந்த டூ ஸ்ட்ரோக் என்ஜின் நினைவிருக்கிறதா? ப்ளைவீலில் சாக்பீஸால் கோடு போட்டு, போர்ட் எப்போது திறக்கிறது, எப்போது மூடுகிறது என்று டயகிராம் வரைந்தோமே! அதே என்ஜின்தான் எங்கள் வீட்டு வாசலிலும் நின்றது. வால்வு கிடையாது, கேம் கிடையாது. பிஸ்டன், கனெக்டிங் ராடு, கிராங்க் என்று அசையும் பாகங்கள் கொஞ்சம்தான். கிராங்க் ஒரு சுற்று சுற்றினால் ஒரு பவர் ஸ்ட்ரோக். ஃபோர் ஸ்ட்ரோக்கில் இரண்டு சுற்றுக்கு ஒன்றுதான். 70 சி.சி. கூட எட்டாத எக்செல் சூப்பர் அவ்வளவு பாரம் இழுத்த ரகசியங்களில் இது ஒன்று.

கிளட்ச் விஷயம் இன்னும் சுவையானது. மொபெட்டில் கிளட்ச் பிடிக்க லீவர் கிடையாது. வீரபாண்டி சித்திரைத் திருவிழாவில் ராட்டினம் வேகம் பிடிக்கும்போது தொட்டில்கள் வெளிப்பக்கமாக விரிந்து பறக்குமே, அதே தத்துவம்தான். என்ஜின் சுற்று கூடும்போது கிளட்ச் ஷூக்கள் வெளியே விரிந்து டிரம்மைக் கவ்விக்கொள்ளும். சுற்று குறைந்தால் தானே விட்டுவிடும். அறுபது வயதில் முதல்முறையாக வண்டி பழகுகிற தாத்தாவும், களையெடுப்புக்குப் போகிற அக்காவும் அரை நாளில் ஓட்டிவிடுவதற்கு இதுவே காரணம்.

இனி முக்கியமான கணக்கு. கியர் மாற்ற முடியாது என்றால், எந்த விகிதத்தை வைப்பது? வேகத்துக்கு வைத்தால் மூட்டையோடு மேடு ஏறாது; மூட்டைக்கு வைத்தால் வேகம் போகாது. மொபெட்டை வடிவமைத்தவர்கள் கண்ணை மூடிக்கொண்டு மூட்டையைத் தேர்ந்தெடுத்தார்கள். இன்றைய எக்செல் 100-ஐப் பாருங்கள். சக்தி 4.3 குதிரைத்திறன்தான், ஏறக்குறைய அதே சி.சி. உள்ள ஸ்பிளெண்டரில் சுமார் 8. ஆனால் எக்செல் தன் உச்ச முறுக்கு விசையான 6.5 நியூட்டன் மீட்டரை 3,500 சுற்றிலேயே தந்துவிடுகிறது. ஸ்பிளெண்டர் தன் 8 நியூட்டன் மீட்டரைத் தர 6,000 சுற்று வரை போக வேண்டும். மெதுவாகச் சுற்றும்போதே இழுவை தருகிற என்ஜின், 16 அங்குலச் சக்கரம், 90 கிலோவுக்குள் எடை. சேற்றில் சிக்கினால் ஒருவரே தூக்கி நிமிர்த்தலாம். இவ்வளவும் வேகத்தைத் தியாகம் செய்து வாங்கிய வரங்கள். பைக் செய்ய வராமல் செய்ததல்ல, தெரிந்தே செய்தது.

பெடல் போயிற்று, புகையும் போயிற்று

1980களின் நடுவிலிருந்து மொபெட்டுக்குச் சோதனை வந்தது. 1984-ல் கைனடிக் ஹோண்டா, 1985-ல் ஹீரோ ஹோண்டா சி.டி. 100, 1990களில் பஜாஜ் சன்னி, டி.வி.எஸ். ஸ்கூட்டி என்று வரிசையாக வந்தன. தவணைக் கடனும் எளிதாகியது. டவுன்காரர்கள் கைகழுவினார்கள். லூனா பின்னாளில் நின்றே போனது.

அடுத்த அடி புகை. லிட்டருக்கு 20 மில்லி வீதம் ஆயில் கலந்து ஊற்றிய காலம் உங்களுக்கு நினைவிருக்கும். ப்ளக்கில் கரி பிடிக்கும். உப்புத்தாள் வைத்துத் தேய்ப்போம். சைலன்சர் அடைத்துக்கொண்டால் ஒர்க் ஷாப் அண்ணன் அதைக் கழற்றி நெருப்பில் காட்டிக் கரியைத் தட்டுவார். டூ ஸ்ட்ரோக்கில் உள்ளே வரும் புதுக் கலவையில் ஒரு பங்கு எரியாமலே எக்ஸாஸ்ட் வழியாக ஓடிவிடும் என்பது அந்த லேப் டயகிராமிலேயே தெரியும். இரண்டு போர்ட்டும் ஒரே நேரத்தில் திறந்திருக்கும் இடம் அது. 2017 ஏப்ரலில் பாரத் நிலை 4 விதிகள் முழுமையாக வந்தபோது இந்த என்ஜினுக்கு இடமில்லாமல் போயிற்று. டி.வி.எஸ். முன்கூட்டியே விழித்துக்கொண்டது. 2015 அக்டோபரில் 99.7 சி.சி. ஃபோர் ஸ்ட்ரோக் என்ஜினோடு எக்செல் 100 வந்தது. 2020-ல் பாரத் நிலை 6-க்காகப் ஃபியூயல் இன்ஜெக்‌ஷனும் ஏறியது.

இப்போது ஒரு வேடிக்கையைக் கவனியுங்கள். பெடல் போய்க் கிக்கர் வந்துவிட்டது. சிலவற்றில் பட்டன் ஸ்டார்ட்டும் வந்துவிட்டது. 50 சி.சி. என்ற வரம்பும் போய்விட்டது. பெயரில் பாதியான பெடலே இல்லாத வண்டியை எப்படி மொபெட் என்பது? நம் 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் லைசென்ஸ் பிரிவுகளில் மொபெட் என்று தனி வகையே கிடையாது. "கியர் இல்லாத மோட்டார் சைக்கிள்" என்பதில் அடங்கும். 16 வயதில் ஓட்டலாம் என்ற சலுகை 50 சி.சி. வரைதான்; எக்செல் 100-க்கு 18 வயது முடிந்திருக்க வேண்டும். தம்பிகளே, இதைக் குறித்துக்கொள்ளுங்கள். ஆனால் வாகனத் தொழில்துறையின் புள்ளிவிவரத்தில் மொபெட்டுக்கு இன்றும் தனிக் கட்டம் உண்டு. அங்கே அடையாளமாக வைத்திருப்பது பெடலை அல்ல. 12 அங்குலத்துக்கு மேற்பட்ட சக்கரத்தையும், மாறாத ஒரே கியர் விகிதத்தையும். 2023-24-லும் அந்தக் கட்டத்தில் 4 லட்சத்துக்கு மேற்பட்ட வண்டிகள் விற்றிருக்கின்றன. பெடலைக் கழற்றிய பிறகும் மிஞ்சி நிற்பது பாரம் சுமக்கும் அமைப்பு. அப்பா சொன்ன இலக்கணம்தான் அது.

சுமப்பவனுக்கு யார் துணை?

புகழ் பாடியதோடு நிறுத்தினால் நான் என்ஜினீயர் அல்ல. எங்கள் தெருவில் ஒரு பெரியவர் இருந்தார். ஒரு மார்கழி இருட்டில், கட்டு கட்டாகத் தீவனத்தட்டையை ஏற்றிக்கொண்டு மெயின் ரோட்டில் வந்துகொண்டிருந்தார். பின் விளக்கை அந்தத் தட்டை முழுவதுமாக மறைத்துவிட்டது. பின்னால் வந்த வண்டிக்காரருக்கு முன்னே ஒரு மனிதர் போகிறார் என்பதே தெரியவில்லை. பெரியவர் வீடு திரும்பவில்லை.

விதி என்று சொல்லித் தேற்றிக்கொண்டோம். ஆனால் யோசித்துப் பார்த்தால் இது ஒரு டிசைன் குறை. இந்த வண்டியில் சுமை ஏறும் என்பது 1980 முதல் ஊருக்கே தெரியும். சுமை ஏறினால் விளக்கு மறையும் என்பதும் தெரியும். பிறகு விளக்கு ஏன் சுமைக்குக் கீழேயே இருக்க வேண்டும்? பிரேக் கணக்கும் அப்படித்தான். பாரம் இரட்டித்தால் பிரேக் விழுங்க வேண்டிய ஆற்றலும் இரட்டிக்கும். வேகம் இரட்டித்தால் நான்கு மடங்காகும். 2019 ஏப்ரல் முதல் சின்ன வண்டிகளுக்கு இரு சக்கரமும் சேர்ந்து பிடிக்கும் பிரேக் கட்டாயமானது நல்ல விஷயம். 2015 ஜூலையில் உயர் நீதிமன்ற உத்தரவால் தமிழ்நாட்டில் ஹெல்மெட் கண்டிப்பானதும் நல்லதே. ஆனாலும் தோட்டத்துக்குப் போகிற எக்செல்லில் ஹெல்மெட் இன்றும் டேங்க் கவர் மேல்தான் உட்கார்ந்து போகிறது.

இப்போது மின்சார வண்டிகளின் காலம். கைனடிக் கிரீன் 2024 பிப்ரவரியில் பழைய பெயரிலேயே ஈ-லூனாவை வெளியிட்டது. 2 கிலோவாட் மணி பேட்டரி, 150 கிலோ வரை சுமை என்று சொல்கிறார்கள். மின் மோட்டார் நின்ற இடத்திலிருந்தே முழு இழுவை தரும். கிளட்ச் வேண்டாம், கியர் வேண்டாம். மொபெட்டுக்கு இதைவிடப் பொருத்தமான எந்திரம் ஏது? ஆனால் மின்சார வண்டி என்று இன்று வருகிறவற்றில் பெரும்பாலானவை சின்னச் சக்கர ஸ்கூட்டர்கள்; டவுன்காரரின் தார் ரோட்டுக்காக வரைந்தவை. பெட்ரோல் எக்செல் ஒருநாள் நிற்கும்போது, மண் பாதைக்கான வண்டியை யாரும் வரையாமல் விட்டிருந்தால், மூட்டை திரும்பவும் மனிதர் தலைக்குத்தான் போகும்.

இந்நாள் மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஃபைனல் இயர் புராஜெக்ட்டுக்கு ரேஸ் கார் செய்யுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஒரு குழுவாவது இதை எடுத்துக்கொள்ளுங்கள்: எவ்வளவு சுமை ஏற்றினாலும் மறையாத பின் விளக்கு, குலுங்கலில் திராட்சை குலையிலிருந்து உதிராமல் தாங்கும் ஸ்பிரிங் கேரியர், சுமை அளவு மீறினால் எச்சரிக்கும் ஒரு சாதனம். சோதித்துப் பார்க்க டெஸ்ட் டிராக் தேடி அலைய வேண்டாம். ஓடைப்பட்டிக்கு வாருங்கள், பாதையும் உண்டு, பாரமும் உண்டு, வண்டி தர எங்கள் ஊர்க்காரர்களும் உண்டு. திரும்பும்போது ஆளுக்கு ஒரு கிலோ திராட்சை என் பொறுப்பு.

அந்தக் காலத்தில் வழிநெடுக ஊரார் சுமைதாங்கிக் கல் நட்டு வைத்தார்கள். தலைச்சுமையோடு வருகிறவர் இறக்கி வைத்து மூச்சு வாங்கிக்கொள்ள. கூடவே ஓடிவருகிற சுமைதாங்கி செய்வது நம் படிப்புக்கு உரிய வேலை.